குடலுக்குள் குடல்: கத்தி வைக்காமல் சரிசெய்யக் கற்றுக்கொண்ட கதை

(எபிசோடின் உரை வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் ஒரு நோய். ஆனா இது மருத்துவ ஆலோசனை எபிசோட் கிடையாது. நான் சாஃப்ட்வேர் எழுதுற ஆள், டாக்டர் இல்ல. எனக்கு இதுல ஈர்ப்பு வந்ததுக்குக் காரணம் இதோட வரலாறு. ஒரு வைத்தியம் கிரேக்கர் காலத்துலயே யாருக்கோ தோணியிருக்கு. அதே வைத்தியம் இன்னைக்கு உலகம் முழுக்க குழந்தைகள் மருத்துவமனைகள்ல முதல் சிகிச்சை. நடுவுல ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு. யோசனை சரியா இருந்தும் ஏன் இவ்வளவு காலம் ஆச்சு? அதுதான் இன்னைக்குக் கேள்வி.

நோயின் பெயர் குடல் செருகல். ஆங்கிலத்தில் இன்டஸ்ஸசெப்ஷன். லத்தீனில் 'இன்டஸ்' என்றால் உள்ளே, 'சஸ்கிபெரே' என்றால் வாங்கிக்கொள்வது. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்கிறது.

என்ன நடக்குது?

முழுக்கைச் சட்டையைக் கழட்டும்போது கைப்பகுதி உள்பக்கமா மடிஞ்சு நுழைஞ்சுக்கும் இல்லையா, அதை நினைச்சுக்கோங்க. குடல் எப்பவும் உணவை முன்னாடி தள்ளிக்கிட்டே இருக்கும். சிறுகுடல் முடிஞ்சு பெருங்குடல் தொடங்குற இடத்துல, சிறுகுடலோட கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள்ள இறங்கிடுது. உள்ளே போனதை உணவுன்னு நினைச்சு குடல் இன்னும் முன்னாடி தள்ளுது. அதனால செருகல் நீண்டுக்கிட்டே போகும்.

சட்டைக் கையில் துணி மட்டும்தான் இருக்கு. குடலோட சேர்ந்து அதுக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்களும் உள்ளே இழுபடும். முதலில் நசுங்குவது ரத்தத்தைத் திருப்பி எடுத்துச்செல்லும் சிரைகள். ரத்தம் உள்ளே வரும், வெளியே போகாது. குடல் வீங்கும். உட்சுவரிலிருந்து ரத்தமும் சளியும் கசிந்து மலத்தோடு வரும். கருஞ்சிவப்பு ஜெல்லி மாதிரி இருக்கும்னு பாடப்புத்தகங்கள் எழுதுறது இதைத்தான். இன்னும் நேரம் போனால் ரத்தம் உள்ளே வருவதும் நின்றுவிடும். அந்தப் பகுதி அழுகும், ஓட்டை விழும். கவனிக்காமல் விட்டால் குழந்தை இறந்துவிடும்.

பெரும்பாலும் மூணு மாசத்துல இருந்து மூணு வயசுக்குள்ள வரும். ஒரு வயசுக்குள்ளதான் அதிகம். ஆயிரம் குழந்தைகள்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு வர்ற மாதிரி அரிதான நோய். ஆனா அந்த வயசுக் குழந்தைக்குக் குடல் அடைப்பு வந்தால் முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். நல்லா கொழுகொழுன்னு இருந்த குழந்தை திடீர்னு காலை வயித்தோட மடக்கிக்கிட்டு வீறிட்டு அழும். கொஞ்ச நேரத்துல அடங்கிடும், சில சமயம் சிரிக்கக்கூட செய்யும். பதினைஞ்சு இருபது நிமிஷத்துல மறுபடியும் அதே அழுகை. பிறகு வாந்தி. பிறகு சோர்ந்து துவண்டு போகும்.

பெரும்பாலான குழந்தைகளுக்குத் தனியா ஒரு காரணம் காட்ட முடியாது. சளி, வயிற்றுப்போக்கு மாதிரி ஏதாவது ஒரு தொற்றுக்குப் பிறகு குடல் சுவரில் இருக்கும் நிணநீர்த் திட்டுகள் வீங்கும். அந்த வீக்கத்தைப் பிடித்துக் குடல் முன்னே இழுக்கிறது என்பது பொதுவான விளக்கம்.

கொல்லன் துருத்தி

ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களில் குடல் அடைப்புக்கு ஒரு வைத்தியம் இருக்கு. கொல்லன் பட்டறையில் தீயை ஊதும் துருத்தியை எடுத்து, ஆசனவாய் வழியாகக் காற்றை உள்ளே ஏற்றச் சொல்கிறது. வயிறும் குடலும் விரியணும். அதுக்குப் பிறகு எனிமா கொடுக்கணும். அவங்களுக்குக் குடல் செருகல்னு தனியா ஒரு நோய் தெரியாது. எல்லா அடைப்பும் ஒரே பெயரில்தான் இருந்தது. ஆனா அந்த யோசனையைப் பாருங்க. மேலேயிருந்து தள்ளினால் இன்னும் இறுகும், அதனால் கீழேயிருந்து தள்ளு. இன்னைக்கு நடக்கும் சிகிச்சையின் சாரம் இதுதான்.

ஆனா வயிற்றுக்குள்ளே என்ன இருக்குன்னு தெரியாமல் இதைச் செய்தால் எப்படி முடியும்? சில சமயம் சரியாகும். சில சமயம் ஏற்கெனவே அழுகிய குடல் வெடிக்கும். எந்தக் குழந்தைக்கு எது நடந்ததுன்னு சொல்ல யாராலும் முடியாது.

1674-ல் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் பால் பார்பெட்டின் நூல் இந்த நோயைத் தெளிவாக விவரிக்கிறது. மருந்து பலிக்கலைன்னா வயிற்றைத் திறந்து குடலை விடுவிக்கலாம் என்ற யோசனையும் அதில் இருக்கு. அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது, கிருமி பற்றிய அறிவும் கிடையாது. அதனால் அது யோசனையாகவே நின்றது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். இன்றைய ஆங்கிலப் பெயர் நிலைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

நடுவில் என்னென்ன வைத்தியம் நடந்தது தெரியுமா? குடல் அடைப்புக்குப் பாதரசத்தைக் குடிக்கக் கொடுத்தாங்க. கனமான திரவம், தன் எடையிலேயே அடைப்பைத் தள்ளிக்கிட்டு வெளியே வந்துடும்னு நம்பிக்கை. குடல் செருகலில் இது எந்த அளவுக்குத் தப்புன்னு இப்போ நமக்குப் புரியும். மேலேயிருந்து எடை ஏத்தினால் செருகல் இன்னும் உள்ளேதான் போகும்.

துருத்தியும் மறக்கப்படவில்லை. 1864-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் டேவிட் கிரெக் என்ற மருத்துவர் குழந்தைகளுக்குக் காற்று ஊதி இதைச் சரிசெய்ததைப் பற்றி எடின்பரோ மருத்துவ இதழில் எழுதினார். ஆனா அது ஊர் ஊராப் பரவி வழக்கமாகவில்லை.

லண்டன் ஒரு பக்கம், கோபன்ஹேகன் ஒரு பக்கம்

1870-களில் ரெண்டு விஷயம் கிட்டத்தட்ட ஒண்ணா நடக்குது. இங்கேதான் கதை ரெண்டாப் பிரியுது.

முதலாவது லண்டனில். 1871-ல் ஜோனதன் ஹட்சின்சன் ரெண்டு வயசுப் பெண் குழந்தை ஒன்றின் வயிற்றைத் திறந்து, செருகிய குடலைக் கையால் விடுவித்தார். குழந்தை பிழைத்தது. குழந்தைக்குச் செய்து வெற்றி பெற்ற முதல் அறுவை சிகிச்சையா இதைத்தான் வரலாறு குறிக்குது. அப்போ குளோரோஃபார்ம் மயக்கம் வந்துவிட்டது. லிஸ்டர் கிருமிநாசினி முறையைப் பற்றி எழுதி நாலே வருஷம்தான் ஆகியிருந்தது.

இரண்டாவது கோபன்ஹேகனில். ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங் என்ற குழந்தை மருத்துவர். இந்தப் பெயரை வேறொரு குடல் நோயின் பெயராகச் சிலர் கேட்டிருப்பீங்க. அதே ஆள்தான். அவர் 1876-ல் இருந்து குடல் செருகலுக்குத் தண்ணீர் எனிமாவை ஒழுங்குமுறையாகச் செய்து, முடிவுகளை எழுதிக்கொண்டே வந்தார். ஆசனவாய் வழியாகத் தண்ணீரை அழுத்தத்தில் உள்ளே விடுவார். வயிற்றின் மேல் கை வைத்து, அந்தக் கட்டி பின்வாங்குகிறதா என்று தடவிப் பார்ப்பார்.

1905-ல் 107 குழந்தைகளின் கணக்கை வெளியிட்டார். அதில் இறந்தவர்கள் சுமார் 35 சதவீதம். இன்னைக்குக் கேட்டால் பயங்கரமா இருக்கு. ஆனா அன்னைக்கு இந்த நோய்க்கு அறுவை செய்த குழந்தைகளில் பிழைத்தவர்களைவிட இறந்தவர்கள்தான் அதிகம். மூணுல ரெண்டு குழந்தை உயிரோடு வீட்டுக்குப் போனது பெரிய விஷயம்.

எனக்கு ஹிர்ஷ்ஸ்ப்ருங்கிடம் பிடிச்சது அவர் கணக்கு வெச்சதுதான். முன்னாடி துருத்தி ஊதினவங்க ஜெயிச்ச ஒண்ணு ரெண்டு கேஸைத்தான் எழுதுவாங்க. இவர் முப்பது வருஷம் தொடர்ந்து, தோத்ததையும் சேர்த்து எழுதினார். அதனாலதான் அடுத்து வந்தவங்க ஒப்பிட்டுப் பார்க்க முடிஞ்சுது.

ஏன் கத்தி ஜெயித்தது?

இவ்வளவு நல்லாப் போனால், எனிமாதானே வழக்கமாயிருக்கணும்? ஆகலை. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அறுவைதான் முதல் சிகிச்சை ஆனது. ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் எனிமா வழி தொடர்ந்தது. சிட்னியில் ஹிப்ஸ்லி என்ற அறுவை மருத்துவர், தொடர்ச்சியாக வந்த 100 குழந்தைகளுக்கு நீர் அழுத்த முறையைக் கையாண்ட கணக்கை 1926-ல் வெளியிட்டார். ஆனா பெரிய பாடப்புத்தகங்கள் எழுதப்பட்டது பாஸ்டனில். அங்கே வில்லியம் லாட், ராபர்ட் கிராஸ் என்ற இருவரும் குழந்தை அறுவை மருத்துவத்தின் தூண்கள். 1941-ல் வந்த அவங்க புத்தகம் அறுவையைத்தான் பரிந்துரைச்சுது.

அவங்க எதிர்ப்பு பிடிவாதத்துல வந்தது இல்ல. மூணு கேள்வி கேட்டாங்க. மூணும் நியாயமானவை.

ஒண்ணு: முழுசா வெளியே வந்துடுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கட்டி கைக்குத் தட்டுப்படலைன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. கடைசி ரெண்டு அங்குலம் உள்ளேயே மாட்டியிருக்கலாம்.

ரெண்டு: உள்ளே இருக்கும் குடல் உயிரோட இருக்கா, அழுகிடுச்சா? அழுகிய குடலை வெளியே தள்ளி வயிற்றுக்குள் விட்டால், ஒரு நாள் கழிச்சு அது வெடிக்கும்.

மூணு: எனிமா தோத்தால் அதுக்குப் போன நேரத்தை யார் திருப்பித் தருவாங்க?

வயிற்றைத் திறந்தால் இந்த மூணுக்கும் உடனே பதில் கிடைக்கும். கண்ணால் பார்க்கலாம். ஆனா அதுக்கு விலையா, தண்ணீரால சரியாகியிருக்கக்கூடிய குழந்தைகளும் கத்திக்குக் கீழே போனாங்க.

இன்னொண்ணு சொல்லணும். அறுவையின்போதும் அந்தக் குடலை மேலேயிருந்து பிடிச்சு இழுக்கக் கூடாது, கிழிஞ்சிடும். கீழ்ப்பக்கத்தில் இருந்து, மாட்டோட மடியைக் கறக்கிற மாதிரி மெல்ல அழுத்தி அழுத்தித் தள்ளித்தான் வெளியே கொண்டுவரணும். அதாவது கத்தி வெச்சவங்களும் செய்தது அதே வேலைதான், கீழேயிருந்து தள்ளுவது. வித்தியாசம், அவங்களால பார்த்துக்கிட்டே தள்ள முடிஞ்சுது.

வயிற்றைத் திறக்காமல் பார்ப்பது

1895-ல் எக்ஸ்ரே வந்தது. குடல் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது. ஆனா கதிரை மறைக்கும் ஒரு பொருளைக் குடலுக்குள் செலுத்தினால், அது போகும் வடிவம் தெரியும். அறுவைதான் சரின்னு சொன்ன அதே வில்லியம் லாட், 1913-ல் பிஸ்மத் எனிமா கொடுத்து எடுத்த குடல் செருகல் படத்தை வெளியிட்டார். அவருக்கு அது நோயைக் கண்டுபிடிக்கிற வழி மட்டும்தான்.

1927 வாக்கில் மூன்று நாடுகளில், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் செய்யாமல், மூணு இடத்திலும் அடுத்த அடியை எடுத்து வெச்சாங்க. அமெரிக்காவில் ரெட்டன், பிரான்ஸில் பூலிக்கன், சுவீடனில் ஓல்சன், பாலின் இருவரும். பேரியம் கரைசலை எனிமாவாக விட்டுக்கொண்டே, எக்ஸ்ரே திரையில் நேரலையாகப் பார்த்தாங்க. வெள்ளைப் பேரியம் பெருங்குடலில் ஏறும். ஒரு இடத்தில் கிண்ணம் கவிழ்த்த மாதிரி நிற்கும். அங்கேதான் செருகலின் தலை இருக்கு. அழுத்தம் கொடுக்கக் கொடுக்க அந்தக் கிண்ணம் பின்னாடி நகரும். கடைசியா பேரியம் சட்டென்று சிறுகுடலுக்குள் பாய்ந்து பரவினால், வழி திறந்துடுச்சுன்னு அர்த்தம்.

லாட், கிராஸ் கேட்ட முதல் கேள்விக்கு இது பதில். இனிமே ஊகிக்க வேண்டாம். திரையிலேயே தெரியும்.

மூன்று அடி உயரம்

ரெண்டாவது கேள்வி பாக்கி இருக்கு. குடல் அழுகியிருந்தால்?

இதுக்குப் பதில் தேடினவர் மார்க் ராவிட்ச். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்தவர். இவரும் அறுவை மருத்துவர்தான். பிற்காலத்தில் 1958-ல் சோவியத் யூனியன் போய், கீவ் நகரத்தில் அறுவைக்குப் பயன்படும் ஸ்டேப்ளர் கருவியைப் பார்த்து, அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவரும் இவரே. அறுவைக் கருவியைத் தேடிப் போன ஒருத்தர், இந்த ஒரு நோய்க்கு அறுவை தேவையில்லைன்னு வாதாடினார்.

1948-ல் ராவிட்ச்சும் மெக்யூனும் சேர்ந்து நாய்களில் செய்த சோதனைகளை வெளியிட்டாங்க. சாரம் இதுதான்: பேரியம் தொட்டியை மேசைக்கு மேலே மூணு அடி அளவுக்குள் வெச்சால், உயிருள்ள குடல் விடுபட்டது. அழுகிய குடல் அந்த அழுத்தத்துக்கு அசையவே இல்லை. அழுகிய குடல் வீங்கி இறுகி ஒட்டிக்கொண்டிருக்கும். மிதமான அழுத்தம் அதை வெளியே தள்ளாது. அப்படி நகரவில்லை என்றால், உடனே அறுவைக்குப் போக வேண்டும் என்பதற்கு அதுவே அறிகுறி.

இதுல இருக்கிற அழகைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். அழுத்தத்துக்கு ஒரு உச்சவரம்பு போட்டதும், அந்த வரம்பே சோதனையா மாறிடுது. அதுக்குள்ள சரியானால் குடல் உயிரோட இருக்குன்னு நம்பலாம். சரியாகலைன்னா இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம்னு போகக் கூடாது. என் தொழில்லயும் இப்படி ஒரு பழக்கம் உண்டு. ஓடிக்கிட்டு இருக்கிற சிஸ்டத்துல கை வைக்கும் முன்னாடியே, எந்த அளவைத் தாண்டினால் நிறுத்திடுவோம்னு எழுதி வெச்சுக்கணும். வேலை நடக்கும்போது அதை முடிவு பண்ணினால் எப்பவும் 'இன்னும் ஒரு தடவை'ன்னுதான் கை போகும்.

ராவிட்ச் வெச்ச விதிகள் கறாரானவை. தொட்டி மூணு அடிக்கு மேல போகக் கூடாது. வயிற்றைக் கையால் அழுத்தவே கூடாது. அறுவை அரங்கு தயாராக இருக்கணும். பேரியம் சிறுகுடலில் நன்றாகப் பரவுவதைப் பார்த்தால் மட்டுமே வெற்றி. அரைகுறையா இருந்தால் அறுவை. 1959-ல் இதையெல்லாம் தொகுத்து ஒரு புத்தகமே எழுதினார். பின்னாளில் மருத்துவ மாணவர்கள் இதை 'மூன்று விதி' என்று மனப்பாடம் பண்ணினாங்க: மூணு அடி உயரம், மூணு முயற்சி, ஒவ்வொண்ணும் மூணு நிமிஷம்.

எனிமா தோத்தால் போன நேரம் என்ற மூணாவது கேள்விக்கும் இந்த விதிகளே பதில். அரங்கு தயார், நேர வரம்பு தெரியும். வீணாவது சில நிமிஷம்தான்.

மூணு அடி என்பது எவ்வளவு அழுத்தம்னு ஒரு சின்ன கணக்கு. மூணு அடின்னா சுமார் 91 சென்டிமீட்டர். வெறும் தண்ணீராக இருந்தால் அது சுமார் 67 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். பேரியம் தண்ணீரைவிடக் கனம், அதனால் இன்னும் கொஞ்சம் கூடும். பி.பி. பார்க்கும்போது கையில் கட்டுற பட்டையோட அழுத்தத்தை நினைச்சுப் பாருங்க, அதைவிடக் குறைவுதான். இதுக்கு மோட்டார் எதுவும் தேவையில்லை. தொட்டியைத் தொங்கவிடுற உயரமே அழுத்தத்தை முடிவு பண்ணிடும். உயரத்தைக் கட்டுப்படுத்தினால் போதும்.

துருத்தி திரும்பி வருது

பேரியத்தில் ஒரு சிக்கல். குடலில் ஓட்டை விழுந்து அது வயிற்றுக்குள் கொட்டினால், கடுமையான அழற்சி வரும். சுத்தம் செய்வதும் கஷ்டம். காற்று அப்படி இல்ல. கசிந்தாலும் சுத்தம் செய்ய எதுவும் இல்ல, எக்ஸ்ரேயிலும் கறுப்பாகத் தெளிவாகத் தெரியும்.

1986-ல் ஷாங்காயில் இருந்து ஒரு கட்டுரை வந்தது. குவோவும் அவருடைய சக மருத்துவர்களும் எழுதியது. காற்றழுத்த எனிமா கொடுத்த 6,396 கேஸ்கள், 13 வருஷக் கணக்கு. பெரும் பெரும்பான்மை அறுவை இல்லாமலே சரியாகியிருந்தது. நூறு கேஸ் வெச்சு வாதாடிக்கிட்டு இருந்த உலகத்துக்கு ஆறாயிரம் ரொம்பப் பெரிய எண். அதுக்கப்புறம் மேற்கத்திய மருத்துவமனைகளும் வேகமா காற்றுக்கு மாறின.

ஹிப்போகிரட்டீஸ் நூல் சொன்ன காற்று, டண்டீயில் கிரெக் ஊதிய காற்று, ஷாங்காயில் மறுபடியும். ஆனா இப்போ அதுக்கு ஒரு அழுத்தமானி இருக்கு, எக்ஸ்ரே திரை இருக்கு, 120 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டாதேன்னு ஒரு வரம்பும் இருக்கு. ஒருவேளை ஓட்டை விழுந்து வயிற்றுக்குள் காற்று நிரம்பிக் குழந்தை மூச்சுத் திணறினால், அதை உடனே வெளியேற்ற ஒரு ஊசி பக்கத்திலேயே தயாராக இருக்கும்.

அடுத்த மாற்றம் அல்ட்ராசவுண்ட். கருவில் இருக்கும் குழந்தையைப் பார்க்கும் அதே ஸ்கேன். குறுக்குவெட்டில் பார்த்தால் செருகிய குடல் வளையத்துக்குள் வளையமா, குறிபார்த்துச் சுடும் பலகை மாதிரி தெரியும். 1988-ல் வாங், லியு என்ற சீன மருத்துவர்கள் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே உப்புநீர் எனிமா கொடுத்த 377 கேஸ்களை வெளியிட்டாங்க. இதிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெற்றி. இதுல கதிர்வீச்சே இல்ல. பொருட்களும் என்ன? ஒரு ஸ்கேன் கருவி, உப்புநீர் பாட்டில், ஒரு ரப்பர் குழாய், தொங்கவிட ஒரு கம்பி. தமிழ்நாடு உட்பட இந்தியாவில் குழந்தை அறுவைப் பிரிவு இருக்கும் பல மருத்துவமனைகளில் இந்த முறை வழக்கத்தில் இருக்கு.

சரியான பிறகும் பத்தில் ஒரு குழந்தைக்கு மறுபடி வரலாம். அதனால் சில மணி நேரமாவது வைத்துக் கவனிப்பாங்க. வயிறு பலகை மாதிரி இறுகிப்போனால், ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தால், குழந்தை அதிர்ச்சி நிலையில் இருந்தால் எனிமாவை முயற்சிக்கவே மாட்டாங்க. நேரே அறுவைதான். பெரிய குழந்தைக்குத் திரும்பத் திரும்ப வந்தால், உள்ளே கட்டியோ வேறு காரணமோ இருக்கான்னு தேடுவாங்க.

ஒரு தடுப்பு மருந்தும் இதே பாடமும்

1998 ஆகஸ்டில் அமெரிக்காவில் ரோட்டாஷீல்டு என்ற சொட்டு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கு எதிரான முதல் தடுப்பு மருந்து அது. அடுத்த வருஷம் ஜூலைக்குள், மருந்து கொடுத்த பிறகு குடல் செருகல் வந்ததாக 15 குழந்தைகளைப் பற்றிய தகவல் கண்காணிப்பு அமைப்புக்கு வந்து சேர்ந்தது. உடனே நிறுத்தி வைக்கச் சொன்னாங்க. 1999 அக்டோபரில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. பிற்பாடு கணக்கிட்டபோது பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்கு ஆபத்து என்ற அளவில் வந்தது.

அடுத்து வந்த ரெண்டு ரோட்டா மருந்துகளையும் இந்த ஒரு நோய்க்காகவே, ஒவ்வொன்றும் 60,000-க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்தாங்க. இந்தியாவில் உருவான ரோட்டாவாக் டெல்லி, புனே, வேலூர் மூணு இடத்திலும் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. 2016-ல் அரசுத் திட்டத்தில் சேர்ந்து, 2017-ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அத்தோடு விடவில்லை. பல மாநில மருத்துவமனைகளில் குடல் செருகலோடு வந்த குழந்தைகளைப் பதிவு செய்துகொண்டே இருந்தாங்க. 2020-ல் வெளியான ஆய்வு, மருந்தால் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை என்றது. இங்கேயும் நடந்தது அதேதான். தொடர்ந்து பார்த்தாங்க, எங்கே நிறுத்தணும்னு தெரிஞ்சு வெச்சிருந்தாங்க.

கடைசியா, நேரம்

இவ்வளவு வந்த பிறகும் கருவியால் சரிசெய்ய முடியாத ஒண்ணு பாக்கி. குழந்தை எப்போ வந்து சேருதுங்கிறது. முதல் நாளிலேயே வந்தால் எனிமா பலிக்கும் வாய்ப்பு மிக அதிகம். ரெண்டு மூணு நாள் கழிச்சு வந்தால் அந்த வாய்ப்பு குறையும், குடலை வெட்டி எடுக்க வேண்டிய நிலை கூடும்.

நம்ம ஊர்ல இந்த இடத்துல ஒரு சிக்கல் இருக்கு. குழந்தை வாந்தி எடுத்து, சாப்பிடாமல், அழுதுக்கிட்டே இருந்தால் 'குடலேத்தம்'னு சொல்வாங்க. குடல் தட்டுறவங்ககிட்டக் கூட்டிட்டுப் போவாங்க. எண்ணெய் தடவி வயிற்றை நீவி விடுவாங்க, சில இடத்துல தலைகீழாப் பிடிச்சுத் தட்டுவாங்க. பெரும்பாலான குழந்தைகளுக்கு வந்தது தானா சரியாகும் சாதாரண வாந்திதான். அதனால தட்டினதும் சரியான மாதிரி இருக்கும், நம்பிக்கையும் வளரும். குடல் செருகல் வந்த குழந்தை அந்தக் கூட்டத்துல ஒண்ணா உட்கார்ந்திருக்கும். அழுகை விட்டு விட்டு வர்றதால, நடுவுல அது அமைதியாகும்போது 'பாத்தியா, தட்டினதும் சரியாப் போச்சு'ன்னு எல்லாருக்கும் தோணும். வீங்கிய குடலை மேலேயிருந்து அழுத்துறது ஆபத்து. அதைவிட ஆபத்து, அதுல போற ஒரு நாள்.

'குடல் ஏதோ இடம் மாறிடுச்சு, அதைக் கையால திருப்பணும்'னு நம்ம பாட்டிமார் நினைச்சது முட்டாள்தனம் இல்ல. ஹிப்போகிரட்டீஸ் கூட்டத்தோட யோசனைக்கு அது ரொம்பத் தூரமில்லை. அவங்களுக்கு இல்லாதது உள்ளே பார்க்கிற கண்ணும், எங்கே நிறுத்தணும்ங்கிற அளவும். அது ரெண்டும் இப்போ மாவட்டத் தலைநகர்ல ஒரு ஸ்கேன் அறையில இருக்கு.

அதனால எங்கேயாவது ஒரு கைக்குழந்தை காலை மடக்கிக்கிட்டு விட்டு விட்டு வீறிட்டு அழுது, வாந்தியும் எடுத்தால், சிவப்பு ஜெல்லி மாதிரி மலம் வரட்டும்னு காத்திருக்காதீங்க. அது தாமதமா வர்ற அறிகுறி, சில குழந்தைகளுக்கு வராமலே போகும். அன்னைக்கே குழந்தை மருத்துவர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. ராத்திரின்னா ராத்திரியே.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தால், வீட்டுல கைக்குழந்தை இருக்கிற ஒருத்தருக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.